துக்காராம் ஓம்ப்ளே: கடமையில் உயிர் நீத்த காவலர்

2008 நவம்பர் 26 இரவு மும்பையைத் தாக்கிய 10 பயங்கரவாதிகளில் ஒருவன் மட்டுமே உயிருடன் பிடிபட்டான். அவன் பெயர் அஜ்மல் கசாப். அவனைப் பிடிக்கத் தம் உயிரைக் கொடுத்தவர், மும்பை காவல்துறையின் உதவி சார்பு ஆய்வாளர் துக்காராம் ஓம்ப்ளே.

மகாராஷ்டிரத்தின் சாதாரா மாவட்டத்தில் உள்ள கேடம்பே என்னும் சிற்றூர் இவருடைய சொந்த ஊர். முதலில் ராணுவத்தில் பணியாற்றினார். அங்கிருந்து ஓய்வு பெற்ற பின் 1991-ல் மும்பை காவல்துறையில் சேர்ந்தார்.

அன்றிரவு கசாபும் அவன் கூட்டாளி இஸ்மாயில் கானும் சத்ரபதி சிவாஜி ரயில் நிலையத்தில் பயணிகளைச் சரமாரியாகச் சுட்டார்கள். அங்கு மட்டும் 50-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பின்னர் காமா மருத்துவமனைக்கு அருகே காவல்துறை வாகனத்தின் மீது அவர்கள் நடத்திய தாக்குதலில் ஹேமந்த் கர்கரே, அசோக் காம்தே, விஜய் சலஸ்கர் ஆகிய மூன்று காவல்துறை அதிகாரிகள் உயிரிழந்தார்கள். அதன்பின் ஒரு ஸ்கோடா காரைப் பறித்துக்கொண்டு இருவரும் கடற்கரைச் சாலை வழியே தப்பிக்க முயன்றார்கள்.

செய்தி கிடைத்ததும் கிர்காவ் சவுபாத்தியில் காவலர்கள் சாலையை மறித்துத் தடுப்புகள் வைத்தார்கள். அவர்களில் ஓம்ப்ளேயும் இருந்தார். தடுப்பைக் கண்ட கார் திரும்ப முயன்று, சாலை நடுவிலிருந்த தடுப்புச் சுவரில் மோதி நின்றது. துப்பாக்கிச் சண்டையில் இஸ்மாயில் கான் வீழ்ந்தான். கசாபின் கையில் ஏ.கே. 47 துப்பாக்கி, ஓம்ப்ளேயிடம் இருந்ததோ லத்தி. அவர் பாய்ந்து சென்று துப்பாக்கியின் குழலை இரு கைகளாலும் பற்றிக்கொண்டார். குண்டுகள் உடலைத் துளைத்தபோதும் பிடியைத் தளர்த்தவில்லை. மற்றக் காவலர்கள் மீது குண்டு பாயாமல் அவர் உடலே தடுத்தது. அந்தச் சில நொடிகளில் அவர்கள் கசாபை மடக்கிப் பிடித்தார்கள்.

166 பேரைப் பலிகொண்ட அந்தத் தாக்குதலில் மற்ற 9 பயங்கரவாதிகளும் கொல்லப்பட்டார்கள். கசாபும் இறந்திருந்தால், அவர்கள் எங்கே பயிற்சி பெற்றார்கள், கராச்சியிலிருந்து கடல் வழியே எப்படி வந்தார்கள் என்பதை நேரில் சொல்ல ஒருவரும் இருந்திருக்க மாட்டார்கள். அவன் தன் நாட்டவன்தான் என்று 2009-ல் பாகிஸ்தான் ஒப்புக்கொண்டது. சட்டப்படி விசாரணை நடந்தது. சிறப்பு நீதிமன்றம் 2010 மே மாதம் மரண தண்டனை விதித்தது. உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தன. 2012 நவம்பர் 21 அன்று புணே ஏரவாடா சிறையில் கசாப் தூக்கிலிடப்பட்டான். இத்தனைக்கும் வழிவகுத்தது ஓம்ப்ளே விடாமல் பற்றிய பிடி.

அமைதிக் காலத்தில் வீரச் செயலுக்கு அளிக்கப்படும் மிக உயர்ந்த விருதான அசோக சக்கரம் 2009 குடியரசு நாளில் ஓம்ப்ளேக்கு வழங்கப்பட்டது. கிர்காவ் சவுபாத்தியில் அவருக்குச் சிலை உள்ளது. மகாராஷ்டிரத்தில் கண்டறியப்பட்ட ஒரு புதிய சிலந்தி இனத்துக்கு 2021-ல் ஆய்வாளர்கள் 'ஐசியஸ் துக்காராமி' என்று அவர் பெயரையே சூட்டினார்கள்.

இத்தகைய காவலர்களை நினைவுகூர ஒரு நாளும் உண்டு. 1959 அக்டோபர் 21 அன்று லடாக்கின் ஹாட் ஸ்பிரிங்ஸ் பகுதியில் சீனப் படையினரின் தாக்குதலில் 10 காவலர்கள் உயிரிழந்தார்கள். அந்த நாளே ஆண்டுதோறும் காவலர் வீரவணக்க நாளாக நாடெங்கும் கடைப்பிடிக்கப்படுகிறது. கடமையில் உயிர் நீத்த ஓம்ப்ளே போன்ற காவலர்கள் அனைவருக்கும் அன்று மரியாதை செலுத்தப்படுகிறது.