இல்லத்துத் தாய்மாரும் தேக பாரமும்
(பண்ருட்டியில் நம் சங்கத்து மாதர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



குழந்தை வளர்ப்பைப் பற்றி ஏதேனும் பேசுமாறு காரியதரிசியார் எம்மைக் கேட்டிருந்தார். குழந்தைகளை வளர்க்கும் தாயின் சரீரத்தைப் பற்றிப் பேசலாகாதோ என்று யாம் வினவியதற்கு அவர் சிறிது தயங்கி, பின்னர் இசைந்தார். அத்தயக்கம் இயல்பே. பெண்மக்களின் பருமனைப் பற்றி நம்மவர் பந்தியிலே கேலியாகப் பேசுவார்கள், மேடையிலே பேசுவதில்லை. ஆகவே எம் தேகத்தையே உதாரணமாக வைத்துக்கொண்டு பேசுகிறோம். அதனால் எவருக்கும் மனவருத்தம் உண்டாகாதென்று நம்புகிறோம்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, அரசாங்கத்தாரின் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் ஏற்பாட்டின்படி, சுகாதாரப் பணி செய்யும் அம்மையார் ஒருவர் எம் மாமியாரின் இரத்த அழுத்தத்தைப் பார்க்க எம் வீட்டுக்கு வந்தார். 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் தொடங்கப்பெற்ற இவ்வேற்பாடு, ஆஸ்பத்திரிக்குப் போக இயலாத முதியோருக்கு எத்துணை உதவியென்பதை நீங்கள் அறிவீர்கள். மாமியாரின் அழுத்தம் சரியாகவே இருந்தது. காப்பித் தம்ளருடன் நின்றுகொண்டிருந்த எம்மை அவ்வம்மையார் ஏற இறங்கப் பார்த்து, "நீங்களும் உட்காருங்கள் அம்மா" என்றார். எம் எடை 70 கிலோ. உயரம் 152 சென்டிமீட்டர். இடுப்புச் சுற்றளவு 96 சென்டிமீட்டர். இரத்தத்திலே சர்க்கரை, நோயென்று சொல்லும் எல்லைக்கு ஒரு படி கீழே நின்றது.

அப்பொழுதுதான் எமக்கு ஒரு செய்தி நினைவுக்கு வந்தது. இரண்டாம் பிள்ளையைச் சுமந்தபொழுது எமக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை இருந்தது. பிரசவமானதும் அது தணிந்துவிட, யாமும் மறந்துவிட்டோம். கர்ப்பிணிகள் யாவருக்கும் சர்க்கரைப் பரிசோதனை செய்யவேண்டுமென்று நம் மாநிலத்து அரசாங்கம் 2007-ஆம் ஆண்டிலேயே விதித்தது. சென்னை வைத்தியர் வி. சேஷையா போன்றோரின் இடைவிடா முயற்சி அதற்குக் காரணமாகும். ஆனால் பரிசோதனை பிரசவத்தோடு முடிந்துவிடுவதன்று. கர்ப்பகாலத்தில் சர்க்கரை கண்ட பெண்ணுக்குப் பிற்காலத்தில் நிலையான நீரிழிவு வருவதற்கான அபாயம், ஏனையோரினும் ஏறத்தாழ ஏழு மடங்கென்று ஆராய்ச்சியாளர் கூறுகின்றனர். இக்கூட்டத்தில் அத்தகைய சகோதரிகள் இருப்பின், இவ்வாரத்திலேயே சென்று இரத்தம் கொடுத்துப் பார்த்துவிட வேண்டுகிறோம். ஏனைய பேச்சை மறந்தாலும் இதை மறவாதீர்கள்.

நம்மூர்ப் பக்கத்தில் ஒருத்தி பூசினாற்போல் இருந்தால் புகுந்த வீட்டில் சுகமாக இருக்கிறாளென்று தாய்வீட்டார் மகிழ்வர். சற்று இளைத்தாலோ, "என்ன, மாமியாரோடு ஏதேனும் மனத்தாங்கலா?" என்பர். எடை குறையத் தொடங்கிய மூன்றாம் மாதத்தில் எம் தாயாரே எம்மைத் தனியே அழைத்துக் கண்ணீர் வடித்தார். பஞ்சமும் காய்ச்சலும் மலிந்திருந்த காலத்தில் பருமன் சுகத்துக்கு அறிகுறியாயிருந்தது. அதனை யாம் குறைகூறவில்லை. அக்காலம் போயிற்று, அடையாளம் மாத்திரம் போகவில்லை. 2019 முதல் 2021 வரையில் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்டிரில் நூற்றுக்கு 40.4 பேர் அளவுக்கு மிஞ்சிய எடையுடையோர். அதற்கு முந்திய கணக்கில் அது 30.9. அதே கணக்கு இன்னொன்றும் சொல்லுகிறது: அவ்வயதுப் பெண்டிரில் நூற்றுக்கு 53 பேருக்கு மேல் இரத்தசோகை உடையவர்கள். உடல் பருத்தும் இரத்தம் வற்றியும் இருப்பதென்றால், உண்பது மிகுதியாகவும் போஷாக்கு குறைவாகவும் இருக்கின்றதென்பதே பொருள். ஆகையால் பட்டினி இதற்கு மருந்தாகாது.

"நாள் முழுதும் வீட்டில் ஓடியாடுகிறோமே, எங்களுக்கு எப்படிப் பருமன் வரும்?" என்று சகோதரிகள் கேட்பீர்கள். யாமும் அந்த அம்மையாரை அப்படித்தான் கேட்டோம். 2024-ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கத்தார் எடுத்த நேரக் கணக்கில், வீட்டுவேலை செய்யும் பெண் நாளொன்றுக்கு 289 நிமிடமும், அவ்வேலையில் கைகொடுக்கும் ஆண் 88 நிமிடமும் அதற்குச் செலவிடுவதாகக் கண்டிருக்கிறது. ஊதியமில்லாத ஐந்து மணி நேர வேலை! அது உழைப்பன்று என்று சொல்ல எவருக்கும் வாய் வரலாகாது. ஆயினும் அவ்வுழைப்பின் தன்மை மாறிவிட்டது. எம் பாட்டியார் நெல் குத்தினார், ஆட்டுக்கல்லில் மாவரைத்தார், கெடிலத்து ஊற்றிலிருந்து குடம் சுமந்தார். இன்று கிரைண்டரும் மிக்ஸியும் குழாயும் அவ்வேலையைச் செய்கின்றன. நாம் பக்கத்திலே நிற்கிறோம். கால் வலிக்கிறது, மனம் களைக்கிறது, ஆனால் மூச்சு வாங்குவதில்லை. (பாட்டியார் காலம் பொற்காலமென்று யாம் சொல்லவில்லை. அவர் பெற்ற ஒன்பதில் நான்கையே வளர்த்தார். கிரைண்டரைக் கண்டிருந்தால் கையெடுத்துக் கும்பிட்டிருப்பார்.) வேலை குறைந்தது, சோற்றின் அளவு மட்டும் பாட்டியார் வட்டித்தபடியே இருக்கிறது.

இனி, எம் வீட்டில் யாம் கண்டவற்றைச் சொல்லுகிறோம். அந்த அம்மையார் முதலில் எதையும் குறைக்கச் சொல்லவில்லை. ஏழு நாள், வாயில் போடுவதையெல்லாம் பழைய பால்கணக்கு நோட்டில் எழுதுமாறு சொன்னார். எழுதிப் பார்த்து யாம் வெட்கமுற்றோம். தட்டிலே உட்கார்ந்து உண்டது சொற்பம். நின்றபடியே உண்டது மிகுதி. பெரியவன் விட்ட அரை இட்டிலி, சின்னவள் பிசைந்து விட்ட நெய்ச்சோறு, வீணாகப் போகலாமா என்று வழித்து விழுங்கிய தயிர்சாதம்: இவையெல்லாம் எம் கணக்கில் உணவாகவே இருந்ததில்லை. காலைப் பலகாரம் பத்து மணிக்கு, பகலுணவு மூன்று மணிக்கு. இடையிலே பசி வந்தபோதெல்லாம் முந்திரி டப்பா. நம்மூரில் முந்திரி இல்லாத வீடு ஏது? உடைத்துக் கொடுக்கும் வீடுகளிலோ உடைந்த பருப்புக்குக் கணக்கே இல்லை. முந்திரி நல்ல பண்டந்தான். ஆயினும் 100 கிராமில் 550 கலோரிக்கு மேல் உண்டு. ஒரு கைப்பிடியை, அதாவது ஏறத்தாழ 30 கிராமை, மென்று விழுங்க ஒரு நிமிடம் போதும். நடந்து கரைக்க நாற்பது நிமிடம் வேண்டும். தொழில்செய்யாது வீட்டிலிருக்கும் பெண்ணுக்கு நாளொன்றுக்கு 1,660 கலோரி போதுமென்று ஹைதராபாத்திலுள்ள தேசிய போஷாக்கு ஆராய்ச்சி நிலையத்தார் 2020-இல் வகுத்திருக்கின்றனர். அதில் ஒரு கைப்பிடி என்பது பத்தில் ஒரு பங்கு.

பலாவைப் பற்றியும் கேட்பீர்கள். பண்ருட்டியில் பிறந்து பலாச்சுளையை விடச் சொன்னால் யார் கேட்பார்கள்? யாமும் விடவில்லை. பத்துச் சுளை ஒரு வேளைச் சோற்றுக்கு ஈடென்று கணக்கு வைத்துக்கொண்டோம். சுளை தின்ற இரவில் சோறில்லை. பழுக்காத பலாக்காயைக் கறியாக்கினால் இனிப்பும் குறைவு, வயிறும் நிறையும்.

பெரிய மாற்றம் எண்ணெயிலே வந்தது. எம் வீட்டில் ஐந்து பேர். மாதம் 5 லிட்டர் எண்ணெய் வாங்கினோம். ஆளுக்கு நாளொன்றுக்கு 33 மில்லி. அதனை 3 லிட்டராக்கினோம். மளிகைச் சீட்டில் அவ்வளவே எழுதினால் அவ்வளவே செலவாகும் என்னும் தந்திரத்தைத் தவிர வேறொன்றும் யாம் செய்யவில்லை. ஆளுக்கு நூறு கலோரிக்கு மேல் குறைந்தது; எவருக்கும் ருசி குறையவில்லை. தேநீர் நான்கு வேளை, வேளைக்கு இரண்டு கரண்டிச் சர்க்கரை என்பது இரண்டு வேளை, ஒரு கரண்டி என்றாயிற்று. தட்டில் சோற்றை ஒரு கரண்டி குறைத்து, கீரையையும் பயற்றையும் முட்டையையும் கூட்டினோம். பிள்ளைகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பரிமாறி, மறுபடி கேட்டால் மறுபடி இட்டோம், மிச்சம் நின்றது. பகலுணவை ஒரு மணிக்கு உட்கார்ந்து உண்பதென்று வைத்துக்கொண்டோம். இதற்கு எம் மாமியார்தாம் துணைநின்றார். "நான் சாப்பிடும்போதே நீயும் உட்கார்" என்று அவர் சொன்ன நாள் முதல் முந்திரி டப்பாவின் தேவை பாதியாயிற்று.

நடப்பதுதான் கஷ்டமாயிருந்தது. விடியற்காலையில் எழுந்து நடவுங்கள் என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. விடியற்காலையில் பால் காய்ச்சுவது யார், பள்ளிக்கூடத்துக்குச் சோறு கட்டுவது யார் என்று அவை எழுதுவதில்லை. உலக சுகாதார ஸ்தாபனத்தார் வாரத்துக்கு 150 நிமிடமாவது வேகநடை போன்ற அப்பியாசம் வேண்டுமென்கின்றனர். ஒரே மூச்சில் நடக்கவேண்டுமென்பதில்லை. துண்டு துண்டாயினும் கணக்கில் சேருமென்று 2020-இல் தெளிவாக்கியிருக்கின்றனர். இதுவே எமக்கு வழிவிட்டது. பிள்ளைகளை வேனில் ஏற்றியபின் பத்து நிமிடம். மாலையில் அழைத்துவர முன்னதாகப் போய்ப் பத்து நிமிடம். இரவில் மொட்டைமாடியில் பத்து நிமிடம். பிரதோஷ நாட்களில் திருவதிகைக்கு ஆட்டோவில் போகாமல் நடந்தே போனோம். அக்கோயிலிலே அலகிட்டும் மெழுகியும் தொண்டு செய்த திலகவதியாரைப் போற்றும் நாம், குனிந்து நிமிர்வதைக் கௌரவக் குறைவாக எண்ணுவது விந்தையே. வாரம் இரண்டு நாள், நாற்காலியில் கைபடாமல் உட்கார்ந்து எழுவதும், சுவரில் கையூன்றித் தள்ளுவதுமாகத் தசைக்கும் வேலை கொடுத்தோம்.

முதல் இரண்டு மாதத்தில் 3 கிலோ குறைந்தது. மூன்றாம் மாதம் ஊரார் கண்ணில் பட்டது. நான்காம் மாதம் சின்னவளுக்குக் காய்ச்சல். பதினைந்து நாள் நடையுமில்லை, நோட்டுமில்லை. ஒரு கிலோ திரும்பியது. ஐந்தாம் மாதம் முள் அசையவே இல்லை. அப்பொழுது விட்டுவிடலாமென்றே இருந்தோம். எம்மைத் தடுத்தது சென்னையில் வைத்தியர் ஏ. இராமச்சந்திரனும் அவர் குழுவினரும் நடத்திய ஓர் ஆராய்ச்சி. நீரிழிவுக்கு முந்திய நிலையிலிருந்த 531 பேரை மூன்றாண்டு கவனித்து, 2006-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். சாதாரணமாக விடப்பட்டோரில் நூற்றுக்கு 55 பேருக்கு நீரிழிவு வந்தது. உணவையும் நடையையும் திருத்திக்கொண்டோரில் 39 பேருக்கே வந்தது. இதில் வியப்பென்னவெனில், திருத்திக்கொண்டோரின் எடை குறிப்பிடத்தக்க அளவு குறையவேயில்லை! முள் நின்றாலும் உள்ளே நன்மை நடந்துகொண்டிருக்கிறது. ஆறாம் மாத முடிவில் எம் எடை 65; இடுப்பு 89. இன்னும் 80-க்குக் கீழே வரவேண்டுமென்பதே நம் நாட்டுப் பெண்களுக்கு வைத்தியர் வகுத்த அளவு. சர்க்கரை எல்லைக்குள் வந்துவிட்டது.

தொடங்குமுன் தைராய்டு, இரத்தசோகை ஆகியவற்றைச் சோதித்துக்கொள்க. தாய்ப்பால் கொடுப்போர் உணவை இறுக்கிக் குறைக்கலாகாது. மாதத்தில் பத்துக் கிலோ குறைக்கும் பொடியென்று விற்போரை வாசலிலேயே நிறுத்துக. ஒரு கிலோ கொழுப்பில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட கலோரி அடங்கியிருக்கையில், பொடி எங்ஙனம் அதைக் கொண்டுபோகும்?

இனி, முன்வரிசையிலிருக்கும் சகோதரர்களுக்கு ஒரு விண்ணப்பம். எம் கணவனார் இரவில் பாத்திரம் கழுவுவதை மேற்கொண்ட பிறகே எமக்கு மாடியில் பத்து நிமிடம் கிடைத்தது. அவருடைய கௌரவம் எள்ளளவும் குறைந்ததாகத் தெரியவில்லை. கடையிலே சிலர் சிரித்தார்களாம், சிரிக்கட்டும்.

சங்கத்தாருக்கும் ஒன்று. சென்னையில் ஒரு குடியிருப்பில், நீரிழிவு ஆராய்ச்சிக்கு வந்த வைத்தியர்களின் சொல்லைக் கேட்டு, அங்குள்ளோரே பொருள் திரட்டி ஒரு பூங்கா அமைத்தனர். அதற்கு முன்பு அங்கே வாரத்தில் மூன்று நாளுக்கு மேல் அப்பியாசம் செய்தோர் நூற்றுக்கு 14 பேர்; பின்பு 58 பேருக்கு மேல். இதனை வைத்தியர் வி. மோகனும் குழுவினரும் 2006-இல் எழுதியிருக்கின்றனர். நாம் பூங்கா கட்டவேண்டுவதில்லை. நம் கல்யாண மண்டபத்தின் முற்றம் முகூர்த்தமில்லாத நாட்களிலெல்லாம் பூட்டியே கிடக்கிறது. சுற்றுச்சுவர் உண்டு, நிழல் உண்டு, நைட்டியின்மேல் துண்டைப் போட்டுக்கொண்டு தெருவில் நடக்கக் கூசும் சகோதரிகளுக்குக் கூச்சமில்லாத இடம். கைக்குழந்தைகளை ஓர் ஓரத்தில் பாயில் விட்டு, முறைவைத்துப் பார்த்துக்கொள்ளலாம். மூன்று சுற்றுக்கு எத்தனை அடியென்று யாம் அளந்தும் வைத்திருக்கிறோம்.

பெருக்குவதற்கு ஆள் வேண்டாம், நாமே பெருக்கிக்கொள்வோம். கட்டடக் குழுவினர் சாவியொன்றை மாதர் பகுதியாரிடம் ஒப்புவிப்பார்களாயின், வருகிற திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு, பிள்ளைகளின் வேன் போனவுடன், யாம் அங்கே இருப்போம். எடைக்கருவியை எம் வீட்டிலிருந்தே கொணர்கிறோம். நோட்டு மட்டும் அவரவர் கொண்டுவருக.