பிரிட்ஜ் ஆட்டத்தில் மௌனமும் சட்டமும்

முந்நூற்று நாலு ஆடிப் பழகிய நேயர்களுக்குக் கடதாசி ஆட்டத்திலே கேள்வி கேட்பது புதிதன்று. பிரிட்ஜ் ஆட்டமும் நால்வர் ஆடுவதே. எதிரெதிரே அமர்வோர் கூட்டாளிகள். இன்று போட்டிகளில் ஆடப்படும் முறை, அமெரிக்கரான ஹரல்ட் வண்டர்பில்ட் 1925 இல் வகுத்த புள்ளிக் கணக்கிலிருந்து வளர்ந்தது. அதில் கேள்விக்கென விதிக்கப்பட்ட மொழி மிகச் சிறியது. ஒன்று முதல் ஏழு வரையான எண்கள், நான்கு இனங்களின் பெயர்கள், துரும்பில்லை என்னும் சொல், அவற்றோடு பாஸ், டபிள், ரீடபிள். ஆக 15 சொற்களே. கையிலுள்ள 13 கடதாசிகளின் பலத்தையும் பலவீனத்தையும் இவற்றாலேயே கூட்டாளிக்கு உணர்த்தல் வேண்டும். குரலை உயர்த்துவதும் முகத்தைச் சுளிப்பதும் ஆகா.

ஆயினும், சட்டம் அறியாத 16 ஆவது சொல் ஒன்று உண்டு. அது தயக்கம்.

வடக்கே இருப்பவர் நான்கு ஹார்ட் என்று தொடங்குகிறார் என்று கொள்வோம். கிழக்கே இருப்பவர் நான்கு ஸ்பேட் என்கிறார். தெற்கே இருப்பவர் கடதாசிகளைப் பார்க்கிறார், கூரையைப் பார்க்கிறார், நெடுநேரங் கழித்துப் பாஸ் என்கிறார். மேற்கும் பாஸ். தம் கையிலுள்ளதை முதற் கேள்வியிலேயே சொல்லி முடித்துவிட்ட வடக்கு, இப்பொழுது ஐந்து ஹார்ட் என்று கேட்டு, அதை ஆடி வென்றும் விடுகிறார். எதிர்ப்பக்கத்தார் நடுவரை அழைக்கின்றனர்.

தெற்கு சிந்தித்தது குற்றமன்று. சிந்திப்பதற்குத்தானே இவ்வாட்டம்! அவருடைய மௌனத்தினால் வடக்கு பயனடையலாகாது என்பதே உலக பிரிட்ஜ் சம்மேளனத்தின் 2017 ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பில் 16 ஆவது விதியின் கருத்து. நடுவர் என்ன செய்வார்? வடக்கின் கையை அவருக்கு நிகரான ஆட்டக்காரர் சிலரிடம் காட்டி, தயக்கத்தைப் பற்றி வாய் திறவாமல், என்ன கேட்பீர்கள் என்று வினவுவார். அவர்களிற் கணிசமானோர் பாஸ் சொல்வதைப் பற்றி உண்மையாகவே யோசித்து, சிலராவது அதையே தெரிவு செய்தால், ஐந்து ஹார்ட் நில்லாது. நான்கு ஸ்பேட் ஆடப்பட்டதாகக் கொண்டு புள்ளிகள் திருத்தப்படும். எவரும் பாஸை எண்ணியும் பாராராயின், கேள்வி நிலைக்கும்.

இத்தீர்ப்பினால் மனம் புண்பட்டு மேசையை விட்டு எழுந்தோர் பலர். கூட்டாளி நொடியில் பாஸ் சொல்லியிருந்தாலும் ஐந்துதான் கேட்டிருப்பேன் என்று வடக்கு வாதாடுவார். அது மெய்யாகவே இருக்கலாம். ஆனால் நடுவர் அவர் நெஞ்சை விசாரிப்பதில்லை. தயக்கம் அவ்வழியைக் காட்டக்கூடியதா, வேறு வழி இருந்ததா என்பவற்றையே பார்க்கிறார். பொய்யர் என்று பழி சுமத்தாமலே புள்ளியைத் திருத்த இடமளிப்பது இவ்விதியின் நாகரிகம். இதை உணராதோர் புள்ளியோடு நட்பையும் இழந்துவிடுகின்றனர்.

பெரும் போட்டிகளில் மேசைக்குக் குறுக்கே திரை இடுவதும் உண்டு. 1975 இல் பெர்முடாக் கிண்ணப் போட்டியில் அது புகுந்தது. வடக்கும் கிழக்கும் ஒரு புறம். தெற்கும் மேற்கும் மறுபுறம். கேள்விச் சீட்டுகள் வைக்கப்பட்ட தட்டு ஒன்று திரையின் கீழே போய் வரும். தட்டு தாமதித்து வந்தால், மறுபுறத்தில் யோசித்தவர் தம் கூட்டாளியா, எதிரியா என்று வடக்கால் எளிதில் அறிய முடியாது.