நெடிய ஆங்கிலச் சொற்களும் அசையழுத்தமும்



பிழையின்றி எழுதத் தெரிந்த ஆங்கிலச் சொல்லையே, பிறர் வாயிலாகக் கேட்கும்போது இன்னதென்று அறியாமல் திகைக்கும் மாணவர் பலரை நான் கண்டிருக்கிறேன். கல்லூரியில் முதலாண்டு விரிவுரைகள் பலருக்கு விளங்காமற் போவதற்கு இதுவும் ஒரு காரணம். அவர்கள் சொல்லைக் கண்ணால் கற்றார்கள், காதால் கற்கவில்லை.

ஒரு சொல்லில் எத்தனை உயிரொலிகள் கேட்கின்றனவோ, ஆங்கிலத்தில் அத்தனை அசைகள். நம் யாப்பில் ‘பல’ என்பது குறில் இரண்டு இணைந்த ஒரே நிரையசை. ஆங்கிலக் கணக்கிலோ அது ஈரசையாகும். எழுதிய உயிரெழுத்துகளை எண்ணியும் பயனில்லை. ‘வெஜிடபிள்’ என்பதை நாம் நான்காக நிறுத்திச் சொல்கிறோம். ஆங்கிலேயர் வாயில் இரண்டாம் உயிர் மறைந்து, ‘வெஜ்டபிள்’ என மூன்றே அசைகள் கேட்கும்.

இனி அழுத்தம். தமிழில் குறிலும் நெடிலும் மாறினால் பொருள் மாறும். அழுத்தம் மாறினால் பொருள் மாறுவதில்லை. ஆகவே எல்லா அசைகளுக்கும் ஏறக்குறைய ஒரே கனம் கொடுத்துப் பழகிவிட்டோம். ஆங்கிலத்திலோ ஓர் அசை ஓங்கும். அதன் அயலசைகள் பெரும்பாலும் மங்கும். ‘ஃபோட்டோகிராஃப்’ என்பதில் முதலசை ஓங்குகிறது. ‘ஃபோட்டோகிராஃபி’ என்றதும் அழுத்தம் இரண்டாம் அசைக்குத் தாவ, முதலசை ‘ஃப’ என்று முணுமுணுப்பாய்த் தேய்கிறது. ‘ஃபோட்டோகிராஃபிக்’ என்பதிலோ மூன்றாம் அசை ஓங்குகிறது. ஒரே குடும்பத்துச் சொற்கள். ஆயினும் காதுக்கு அயலார்போல் ஒலிக்கின்றன!

இதற்கு விதி உண்டா? ஓரளவு உண்டு. ‘ஷன்’, ‘இக்’, ‘இட்டி’ என முடியும் நெடுஞ்சொற்களில் பெரும்பாலும் அவ்விறுதிக்கு முந்திய அசையே அழுத்தம் பெறும். கணிதத்தைக் குறிக்கும் ‘அரித்மெடிக்’ இதற்கு அடங்காது. அங்கே இரண்டாம் அசை ஓங்கும். ஐயம் வந்தால் அகராதியே துணை. டேனியல் ஜோன்ஸ் 1917-இல் வெளியிட்ட உச்சரிப்பு அகராதியில், அழுத்தக் குறி ஓங்கும் அசைக்கு முன்னே நிற்கும். பின்னே இடும் அகராதிகளும் உண்டு, முன்னுரையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் மாணவர்க்குச் சொல்லும் பயிற்சி ஒன்று: சொல்லைக் கடையிலிருந்து கட்டுங்கள். ‘னேஷன்’, ‘மினேஷன்’, ‘ஸாமினேஷன்’, ‘எக்ஸாமினேஷன்’. ஒவ்வொரு முறையும் ‘னே’ ஓங்கட்டும். இன்றிரவே ‘ரெஸ்பான்ஸிபிலிட்டி’ என்னும் ஆறசைச் சொல்லை இவ்வாறு சொல்லிப் பாருங்கள். நான்காம் அசையாகிய ‘பி’யில் குரல் ஓங்கவேண்டும்.