ஐம்பது விநாடிப் பாலம்

எனக்குத் தந்திருக்கும் சிறிய நேரத்தில், சுவிஸின் றைன் துறைமுக நகரமான பாசலில் எடுக்கப்பட்ட ஒரு பழைய படத்தைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன்.

1896 செப்டெம்பரில் பாசலின் நடுப்பாலத்தில் லூமியர் கருவி ஒன்று நிறுத்தப்பட்டது. படம் எடுக்க ஏற்பாடு செய்தவர் பிரான்சுவா ஹென்றி லவான்ஷி கிளார்க். சுவிஸில் லூமியர் சகோதரர்களின் உரிமம் அவரிடம்தான் இருந்தது. நம் ஊர்க் கிணற்றடிகளில் எல்லோருக்கும் பழக்கமான சன்லைட் சவர்க்காரத்துக்கும் இங்கே அவரே முகவர். அதே ஆண்டில் பெண்கள் துணி துவைக்கும் காட்சியையும் எடுத்தார். அதில் சன்லைட் பெட்டிகள் நன்றாகத் தெரியும். உலகின் முதல் விளம்பரப் படங்களில் அதுவும் ஒன்று.

பாலத்துப் படம் ஏறக்குறைய 50 விநாடி. ஆட்கள் நடக்கிறார்கள், வண்டிகள் போகின்றன. அவ்வளவுதான். ஆனால் 13ஆம் நூற்றாண்டில் கட்டிய அந்தப் பாலம் 1903இல் இடிக்கப்பட்டது. இப்போது நாம் நடப்பது 1905இல் திறந்த பாலம். பழைய பாலத்தில் சனங்கள் நடமாடுவதை இனி அந்தப் படத்தில்தான் பார்க்கலாம்.

ஹன்ஸ்மார்ட்டின் சீக்ரிஸ்ட் என்ற திரைப்பட ஆய்வாளர் இந்த 50 விநாடியை வைத்து ஒரு பெரிய புத்தகமே எழுதினார். 2019இல் வந்தது. நடந்து போகிறவர்கள் யார், எந்தக் குடும்பம், என்ன தொழில் என்று தேடியிருக்கிறார். நூற்றிருபது ஆண்டுக்குப் பிறகு இது எவ்வளவு கடினமான வேலை என்று யோசியுங்கள்.

இதை ஏன் உங்களிடம் சொல்கிறேன்? 1983க்குப் பிறகு இங்கே வந்த நம்மவர்களின் வீடுகளில் கலியாண வீட்டுக் கசற்றுகள் இருக்கின்றன. சாமத்தியச் சடங்கு, கோவில் திருவிழா, ஊரிலிருந்து வந்த செத்தவீட்டுக் கசற்றும் உண்டு. மாப்பிள்ளை பொம்பிளைக்குப் பின்னால் பாருங்கள்: ஒரு வேலி, ஒரு ஒழுங்கை, ஒரு கல்வீடு. போருக்குப் பிறகு அவற்றில் பல இல்லை. நமக்கும் இடிந்த பாலங்கள் உண்டு.

கசற்றின் காந்தப் பூச்சு நாளுக்கு நாள் கெடுகிறது. அதைப் போட்டுப் பார்க்கும் கருவியின் உற்பத்தியும் 2016இல் முடிந்துவிட்டது. பேர்ணில் லிக்ட்ஸ்பீல் என்ற திரைப்படக் காப்பகம் இருக்கிறது. வீட்டுப் படங்களையும் அங்கே பேணுகிறார்கள். பிரதி எடுப்பதற்கு வழி இருக்கிறது. ஆனால் பந்தலின் மூலையில் நின்று பந்தி பரிமாறுகிறவர் யார் என்று எந்தக் காப்பகத்தாலும் சொல்ல முடியாது. அதை உங்கள் அம்மம்மாதான் சொல்வார்.

ஆகையால் ஒரு வேண்டுகோள். வாற சனிக்கிழமை ஒரு கசற்றைப் போடுங்கள். பக்கத்தில் ஒரு கொப்பியும் பேனையும் வையுங்கள். மூத்தவர்களைக் கேட்டு, ஒவ்வொரு முகத்துக்கும் பேர் எழுதுங்கள். சீக்ரிஸ்ட் ஆவணங்களில் தேடியதை நீங்கள் பக்கத்தில் இருப்பவரிடமே கேட்கலாம்.