வீடற்ற வீரன்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

 

ஆண்டு விழா என்றால் வள்ளுவரைப் பற்றியோ, கம்பரைப் பற்றியோ, இளங்கோவடிகளைப் பற்றியோ பேசுவது நம் சங்கத்தின் வழக்கம். செயலாளர் என்னை அணுகி, "எதைப் பற்றிப் பேசப் போகின்றீர்கள்?" என்று வினவியபோது, "ஜேம்ஸ் பாண்டைப் பற்றி" என்றேன். நான் வேடிக்கையாகச் சொல்வதாக அவர் எண்ணினார் போலும்; நகைத்தார். வேடிக்கையன்று. என் இளமையை வளர்த்தவற்றுள் அந்தப் படவரிசையும் ஒன்று. அதனை மறைத்துவிட்டு மேடையில் வேறொன்று பேசுவது எனக்கு நேர்மையாகத் தோன்றவில்லை.

1977-ஆம் ஆண்டில் எனக்கு வயது பத்து. இதே இரயில்வே காலனியில், இன்ஸ்டிடியூட் மைதானத்தில் வெண்திரை கட்டிப் படம் காட்டுவார்கள். இருந்தது ஒரே எந்திரம். ஆகையால் ரீல் முடியுந்தோறும் விளக்கு எரியும். கடலை விற்பவன் குரல் எழும். என் தந்தையார் சரக்கு வண்டியில் கார்டாகப் பணியாற்றியவர். இரவெல்லாம் கண்விழித்து வந்தவர், என் பிடிவாதத்திற்கு இணங்கி, ஜமக்காளத்தைச் சைக்கிளின் பின்னே கட்டிக்கொண்டு என்னை அழைத்துச் சென்றார். அன்று காட்டிய படம் 1964-இல் வெளிவந்த 'கோல்டுபிங்கர்'. பேசிய ஆங்கிலம் பாதிதான் விளங்கிற்று. ஆயினும், பொன் பூசப்பட்டு மாண்டு கிடந்த மங்கையும், பகைவனை இருக்கையோடு மேலே தூக்கி எறிந்த மகிழுந்தும், அமெரிக்க நாட்டின் பொற்கிடங்கும் என் உள்ளத்தைக் கொள்ளை கொண்டன.

சைக்கிளில் திரும்பி வரும்போது தந்தையார் ஒரே ஒரு வினாத்தான் எழுப்பினார்: "தம்பி, இவ்வளவு செய்கின்றானே, இவனுக்கு எந்த ஊர்? தாய் தந்தையர் இல்லையா? இவன் வீடு எங்கே இருக்கிறது?" எனக்கு விடை தெரியவில்லை. அவ்வினாவை நான் பெரிதாக மதிக்கவும் இல்லை.

அன்பர்களே! இந்த வீரனைப் படைத்தவர் இயான் பிளெமிங் என்னும் ஆங்கிலேயர். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் கடற்படையின் உளவுப் பிரிவில் பணியாற்றியவர். ஜமைக்காத் தீவில் வீடு கட்டி, அங்கே அமர்ந்து கதைகளை எழுதினார். முதல் நாவல் 1953-இல் வெளிவந்தது. நாயகனின் பெயர்கூட இரவல்தான். மேற்கிந்தியத் தீவுகளின் பறவைகளைப் பற்றி நூல் எழுதிய அறிஞர் ஒருவரின் பெயரையே அவர் எடுத்தாண்டார். 1962-இல் 'டாக்டர் நோ' திரைக்கு வந்தது. 2021 வரை அதே பட நிறுவனத்தார் 25 படங்கள் எடுத்தனர். ஷான் கானரி முதல் டேனியல் கிரெய்க் வரை அறுவர் அப்பாத்திரத்தை ஏற்றனர். நூதனக் கருவிகளை வழங்கும் 'கியூ' என்னும் முதியவராக டெஸ்மண்ட் லுவெலின் 17 படங்களில் நடித்தார். நாயகர்கள் மாறியபோதும் அம்முதியவர் மாறாதிருந்தது எங்களுக்கு ஓர் ஆறுதல்.

தமிழகமும் இந்த அலைக்குத் தப்பவில்லை. 1966-இல் 'வல்லவன் ஒருவன்', 1970-இல் 'சி.ஐ.டி. சங்கர்' எனத் துப்பறியும் படங்களில் நடித்த ஜெய்சங்கர் அவர்களைத் தென்னகத்து ஜேம்ஸ் பாண்ட் என்றே மக்கள் அழைத்தனர். பின்னர் ராணி காமிக்ஸ் இதழில் பாண்டின் சாகசங்கள் தமிழ்ச் சித்திரக் கதைகளாக வந்தன. ஊரிலிருந்து வரும் மாமா, முறுக்குத் தூக்கோடு அவ்விதழ்களையும் கொண்டு வருவார். பள்ளியில் இந்தியும் ஆங்கிலமுமே பயின்ற என் தங்கை, எழுத்துக்கூட்டித் தமிழ் படிக்கப் பழகியது அந்த உளவாளியின் தயவாலேதான்!

1983-இல் வெளிவந்த 'ஆக்டோபஸ்ஸி' உதயப்பூரில் படமாக்கப்பட்டது. சென்னையில் பிறந்த டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜ் அதில் பாண்டின் துணைவராகத் தோன்றினார். அவர் டென்னிஸ் மட்டையால் பகைவர்களைப் புடைத்தபோது நம் காலனிப் பிள்ளைகள் எழுப்பிய ஆரவாரம் இன்றும் என் செவியில் ஒலிக்கின்றது. ஆனால் அதே படத்தில் பாம்பாட்டியும், ஆணிப் படுக்கையும், வாள் விழுங்குபவனுமே இந்தியாவாகக் காட்டப்பட்டன. நம்மவர் படம் முடியுமுன்னரே கொல்லவும் படுகின்றார். பெருமையும் சிறுமையும் ஒரே நாளில் வந்தன. நான் நேசித்தவன் என்னை எவ்வாறு நோக்குகின்றான் என்பதை முதன்முதலாக அன்று கண்டேன்.

இன்னொரு நாள் நிகழ்ந்ததையும் மறைக்காமல் சொல்லுகின்றேன். கல்லூரியில் பயிலும் என் மகளோடு அமர்ந்து 'கோல்டுபிங்கர்' படத்தை மீண்டும் பார்த்தேன். வைக்கோற் கொட்டகையில், விலகிச் செல்ல முயலும் பெண்ணை நாயகன் வலிந்து அணைக்கும் காட்சி வந்தது. மகள் படத்தை நிறுத்தினாள். "அப்பா, அவள் வேண்டாம் என்கிறாளே! இதற்கா நீங்கள் எல்லோரும் கைதட்டினீர்கள்?" என்று கேட்டாள். ஆம், கைதட்டினோம். பத்து வயதுப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று சொல்லித் தப்பலாம். ஆனால் இருபது வயதிலும் முப்பது வயதிலும் அதே காட்சியைப் பார்த்து ஒன்றும் தோன்றாமல் இருந்தவனும் நானே. 1995-இல் வந்த 'கோல்டன்ஐ' படத்தில், ஜூடி டென்ச் என்னும் அம்மையார் பாண்டின் மேலதிகாரியாக அமர்ந்து, அவன் காலம் கடந்த பிறவி என்று அவன் முகத்தெதிரே இடித்துரைப்பார். அதனை நான் நல்ல வசனம் என்று இரசித்தேனே அன்றி, எனக்கும் உரியதென்று எண்ணவில்லை. மகளிடம், "தவறுதான் அம்மா" என்றேன். அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

இனி, தந்தையாரின் வினாவிற்கு வருகின்றேன். 1964-இல் வெளியான நாவலில் பிளெமிங் அதற்கு விடை எழுதியிருந்தார். பாண்டின் தந்தை ஸ்காட்லாந்துக்காரர். தாய் சுவிட்சர்லாந்து நாட்டவர். அவனுக்குப் பதினோரு வயதாகும்போது இருவரும் மலையேற்ற விபத்தில் இறந்தனர். எனினும் பல ஆண்டுகள் திரையில் அவனுக்கு ஊர் இல்லை. விமான நிலையமும் விடுதி அறையுமே அவன் வாழ்விடம். மாற்றலாகி மாற்றலாகிக் குவார்ட்டர்சில் வளர்ந்த எங்களுக்கு அவன்மேல் காதல் பிறந்ததற்கு அதுவே காரணம் என்று இன்று எண்ணுகின்றேன். எங்கும் அவனுக்கு வீடில்லை. எங்கும் அவன் கலங்கியதுமில்லை.

2011-இல் என் தந்தையார் காலமானார். மறு ஆண்டு, கும்பகோணத்தை அடுத்த எங்கள் சிற்றூர் வீட்டை விற்றோம். சார்பதிவாளர் அலுவலகத்தில் கையொப்பமிட்டவன் நான். ஓட்டு வீடு, திண்ணையில் இரண்டு மரத்தூண்கள், பின்கட்டில் கிணறு. காத்துப் பேண அங்கு எவரும் இல்லை. நியாயமான முடிவு என்றே அனைவரும் கூறினர். அதே ஆண்டின் இறுதியில் 'ஸ்கைபால்' வந்தது. ஐம்பது ஆண்டுகள் கழித்து, அப்படத்தில் பாண்ட் தன் பிறந்த வீட்டிற்குத் திரும்புகின்றான். ஸ்காட்லாந்து மலைகளுக்கிடையே பாழடைந்து நிற்கும் அவ்வீடு, அவன் இறந்துவிட்டான் என்று கருதி முன்பே விற்கப்பட்டுவிட்டது. பழைய காவற்காரக் கிழவர் ஒருவரே எஞ்சியிருக்கின்றார். இறுதியில் வீடு எரிந்து சாம்பலாகின்றது. படத்திற்காக இங்கிலாந்தின் தென்பகுதியில் அமைத்த வெறும் ஒப்பனை வீடு அது என்பதைப் பின்னர் படித்தேன். ஆனால் அரங்கின் இருளில் என் கண்ணுக்கு மரத்தூண்களும் கிணறுமே எரிந்தன. "இவன் வீடு எங்கே?" என்று முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் சைக்கிளில் கேட்ட குரல் மீண்டும் கேட்டது. முப்பது ஆண்டுகள் சரக்கு வண்டியின் கடைசிப் பெட்டியில் தனியே அமர்ந்து நாடெல்லாம் சுற்றியவர் அவர். அவ்வினாவைத் தம்மை எண்ணியும் கேட்டிருப்பார் என்பது எனக்கு அன்றுதான் தோன்றிற்று.

2021-இல் வந்த 'நோ டைம் டு டை' படத்தில் பாண்டிற்கு ஒரு சிறு மகள் இருக்கின்றாள். அவளுடைய துணிப்பொம்மையைத் தன் இடைவாரில் செருகியவாறே அவன் உயிர் துறக்கின்றான். என் அருகில் அமர்ந்திருந்த என் மகள், குறைகளை எல்லாம் எடுத்துக் காட்டிய அதே மகள், ஒன்றும் பேசாமல் என் கையைப் பற்றிக்கொண்டாள். 2025-இல் இப்படவரிசையின் படைப்புப் பொறுப்பு, வழிவழியாகக் காத்த குடும்பத்தின் கையிலிருந்து அமேசான் நிறுவனத்திற்கு மாறிற்று. நான் அறிந்த பாண்ட் அப்பொம்மையோடு முடிந்துவிட்டான். அதில் எனக்குக் குறையில்லை.

பெற்றோர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் பிள்ளைகள், நீங்கள் அறியாத எதையேனும் விரும்பினால் உடனே கடிந்துகொள்ளாதீர்கள். தூக்கம் கண்ணைச் சுழற்றினாலும், ஒருமுறையேனும் அவர்களோடு ஜமக்காளத்தில் அமருங்கள். என் தந்தையாருக்கு அப்படம் பிடிக்கவில்லை. ஆயினும் கடைசி ரீல் வரை அமர்ந்திருந்தார். இளைஞர்களே, பெரியவர்கள் ஏதேனும் கேட்டால், எதற்காகக் கேட்கின்றார்கள் என்று சற்றே நின்று நோக்குங்கள். நான் அவ்வாறு நோக்காமல் விட்டவன். அவர் வீட்டைப் பற்றி, அவர் இருந்தபோது, நான் ஒருமுறையும் கேட்டதில்லை.