கைப்பேசியும் தாய்சேய் நலமும்
(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



யான் மருத்துவம் பயின்றவனல்லன். இரயில்வேயில் ஒரு குமாஸ்தா. ஆயினும், நம் காலனியின் இளந்தாய்மார்களுக்குப் பயன்படத்தக்க ஒரு பொருளைப் பற்றிச் சில சொற்கள் கூற விழைகின்றேன்.

சொந்த ஊரில் கருவுற்ற பெண்ணுக்குத் தாயும் மாமியாரும் பாட்டியும் அருகிருந்து புத்தி சொல்வர். இங்கோ, கணவர் வேலைக்குச் சென்றபின் குவார்ட்டர்ஸில் அவள் தனித்திருக்கிறாள். அண்டை வீட்டாரின் மொழியும் அவளுக்குப் புதிது. இக்குறையை ஓரளவு போக்கக் கைப்பேசி துணைபுரியும்.

2012-ஆம் ஆண்டில் பீகாரில் ஆஷா பணியாளர்களுக்கு 40 அட்டைகள் கொண்ட ‘மொபைல் குஞ்ஜி’ என்னும் கட்டு வழங்கப்பட்டது. அட்டையிலுள்ள எண்ணை அழைத்தபோது, ‘டாக்டர் அனிதா’ என்னும் கற்பனைப் பாத்திரத்தின் குரல் அறிவுரை கூறியது. பின்னர், 2016 ஜனவரியில் மத்திய சுகாதார அமைச்சகம் ‘கில்காரி’ என்னும் திட்டத்தைத் தொடங்கியது. மழலையின் களிப்பொலி என்பது அச்சொல்லின் பொருள். கருவுற்ற நான்காம் மாதம் முதல் குழந்தைக்கு ஓராண்டு நிறைவுறும்வரை வாரந்தோறும் ஓர் அழைப்பு வரும். மொத்தம் 72 செய்திகள். கட்டணமில்லை, சாதாரணக் கைப்பேசியே போதும், எழுத்தறியாதாரும் கேட்டறியலாம்.

அரசின் பேறுகாலப் பதிவேட்டில் உள்ள எண்ணுக்கே இவ்வழைப்பு வரும். ஆதலின், திட்டம் நடைபெறும் மாநிலத்திலிருப்போர், கருவுற்றவுடன் ஆஷா பணியாளரிடம் பெயரைப் பதிந்துகொள்ளுதல் வேண்டும். கணவரின் எண்ணைக் கொடுத்துவிட்டால், அவர் வண்டியோடு சென்றிருக்கும் வேளையில் மனைவிக்குரிய செய்தி மனைவியை எட்டுவதெங்ஙனம்? வீட்டுக்கொரு கைப்பேசி என்றால், அது அவள் கையிலேயே இருக்கட்டும்.

அன்பர்களே! கன்ட்ரோல் தொலைபேசியில் ஒரு செய்தி வந்தால், கேட்டவர் அதைத் திருப்பிச் சொன்ன பின்னரே அது சேர்ந்ததாகக் கொள்கிறோம். இங்கும் அவ்வாறே. மத்தியப் பிரதேசத்தில் கில்காரியைக் குறித்து நடந்த ஆய்வில், ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டுமே ஊட்டும் வழக்கம் அதனால் உயர்ந்ததாகக் காணப்படவில்லை. கேட்பது மட்டும் போதாது. கேட்டதை வீட்டார் அனைவரும் ஏற்று நடத்தல் வேண்டும். பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் தாய்ப்பால் ஊட்டுக என்று குரல் கூறுகையில், பெரியவர் தேனோ சர்க்கரைத் தண்ணீரோ நாவில் தடவினால் பயன் யாது?

மற்றொன்று. தடுப்பூசியைப் பழிக்கும் வதந்திகளும் இதே கைப்பேசியில்தான் வருகின்றன. அவற்றைப் பிறர்க்கு அனுப்புதல் குழந்தைகளுக்குச் செய்யும் தீங்காகும்.

உதிரப்போக்கு, கடுந்தலைவலியுடன் பார்வை மங்கல், வலிப்பு, சிசுவின் அசைவு குறைதல் ஆகியவற்றுள் எது தோன்றினும் அழைப்பை எதிர்பார்த்திருத்தல் தகாது. உடனே மருத்துவமனைக்குச் செல்க. வண்டி வேண்டின் 108-ஐ அழைக்க.

இறுதியாக ஒரு வேண்டுகோள். இந்தி நன்கறிந்த சகோதரிகள் வாரத்தில் ஒரு மணி நேரம் புதிதாக வந்த பெண்களுடன் அமர்ந்து, அச்செய்திகளைத் தமிழில் எடுத்துரைப்பார்களாக. பாட்டியில்லாத வீட்டுக்குச் சங்கமே பாட்டியாக விளங்கட்டும்.