பைப் ஆர்கனும் மறந்துபோன பெயர்களும்

(முன்னாள் மாணவர் சங்கக் கூடுகையில் ஆற்றிய உரை)



"உன் வேலை அனுபவத்தைப் பேசு" என்றுதான் செயலாளர் சொன்னார். அதைப் பேச என்னைவிட மூத்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆகவே, மூன்று வருடமாக ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு நான் செய்துவரும் சம்பளமில்லாத வேலை ஒன்றைப் பற்றிச் சொல்கிறேன்.

எங்கள் ஆலையில் காற்றழுத்த வால்வுகள் நூற்றுக்கணக்கில் உண்டு. பயிற்சிக்கு வந்த பையன் ஒருநாள் கேட்டான்: "சார், கட்டைவிரல் அளவு காயில் இவ்ளோ பெரிய வால்வை எப்படி இழுக்குது?" இழுக்கவில்லை தம்பி, அது ஒரு சின்னத் துவாரத்தைத் திறக்கிறது, அதில் புகும் காற்றுதான் பெரிய வால்வைத் தள்ளுகிறது என்றேன். பைலட் வால்வு. இங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான். அவன் விடவில்லை. "முதல்ல யார் சார் இப்படி யோசிச்சது?"

தேடிப்போனேன். பழைய காப்புரிமைகள், ஜார்ஜ் லேயிங் மில்லர் என்பவர் ஆர்கன் கட்டுமானம் பற்றி 1909ல் எழுதிய புத்தகம் என்று ஒன்றைப் பிடித்து ஒன்றாகப் போனதில், தொழிற்சாலைக்குப் பதிலாகத் தேவாலயத்தில் போய் நின்றேன்.

பைப் ஆர்கன் என்பது நம்ம ஆர்மோனியத்துக்குப் பெரியப்பா என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரக்கணக்கில் குழாய்கள். கட்டையை அழுத்தினால், மெல்லிய மரப்பட்டிகள் வழியாக இழுபட்டு, குழாய்க்கு அடியில் இருக்கும் வால்வு திறக்கும். பெட்டிக்குள் இருக்கும் காற்றழுத்தம் அந்த வால்வை மூடிப் பிடித்திருக்கும். அதை எதிர்த்து விரல் இழுக்க வேண்டும். ஆர்கன் பெரிதாகப் பெரிதாக, இரண்டு மூன்று கட்டை வரிசைகளை ஒன்றோடொன்று இணைத்து வாசிக்கும்போது, அது சங்கீதமா கர்லாக்கட்டையா என்று ஆகிவிடும்.

இதற்கு வைத்தியம் செய்தவர் சார்லஸ் ஸ்பாக்மன் பார்க்கர். இங்கிலாந்துக்காரர், மருந்து தயாரிக்கும் தொழிலுக்குப் பழக்கப்பட்டவர். ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு குட்டித் துருத்தி வைத்தார். விரல் சின்ன வால்வைத் திறக்கும், துருத்தி ஊதிக்கொண்டு பெரிய வால்வை இழுக்கும். சொந்த நாட்டில் எடுபடவில்லை. 1837ல் பிரான்சுக்குப் போனார். கவாயே-கோல் என்ற பெரிய ஆர்கன் கட்டுநர் அதைத் தன் செயின்ட்-டெனி ஆர்கனில் வைத்தார், 1841ல். இன்றும் அதன் பெயர் "பார்க்கர் நெம்புகோல்".

ஆனாலும் கட்டைக்கும் துருத்திக்கும் நடுவில் மரப்பட்டி இருந்தே ஆக வேண்டும். வாசிப்பவர் ஓரிடம், குழாய்கள் தூரத்தில் என்றால் என்ன செய்வது? மின்சாரம் என்ற யோசனை இங்கேதான் வருகிறது. லண்டனில் காண்ட்லெட் என்ற இசைவாணர் 1852லேயே ஆர்கனுக்கு மின்காந்தம் என்று காப்புரிமை வாங்கியிருந்தார். காந்தமே நேராகப் பெரிய வால்வை இழுக்க வேண்டுமென்றால் அன்றைய பேட்டரி எந்த மூலைக்கு?

முடிச்சை அவிழ்த்தவர் ஆல்பர்ட் பெஷார். பிரான்சின் கான் நகரத்தில் செயின்ட்-எட்டியென் தேவாலய ஆர்கன் வாசிப்பவர். சட்டத்தில் டாக்டர் பட்டம். (காண்ட்லெட்டும் வக்கீல்தான். எஞ்சினியர்கள் அப்போது என்ன செய்துகொண்டிருந்தோம் என்று என்னைக் கேட்காதீர்கள்.) காந்தம் அந்தக் குட்டி வால்வை மட்டும் திறக்கட்டும், மிச்சத்தைத் துருத்தி பார்த்துக்கொள்ளும் என்றார். கம்பியில் போவது செய்தி மட்டும், உழைப்பது காற்று. 1860ல் சோதனையைத் தொடங்கி, 1861ல் பார்க்கரிடம் சொன்னார். இருவரும் சேர்ந்து செய்த முதல் ஆர்கன் 1866ல் மார்செய்ல் நகரத்துக்குப் பக்கத்தில் சலோனில் ஒலித்தது. அடுத்து பாரிஸின் செயின்ட்-அகஸ்டின்; பால்டார் இரும்புச் சட்டகம் வைத்துக் கட்டிய தேவாலயம் அது.

பார்க்கர் பிரான்சை விட்டுப் போகும்வரை பெஷார் அவரோடு உழைத்தார். அதில் ஒரு காசு வாங்கவில்லை என்கிறார் மில்லர். 1868ல் இங்கிலாந்துக் காப்புரிமை பார்க்கர் பெயரில். அதன் உரிமையை வாங்கி ஆர்கன் கட்டியது பிரைசன் நிறுவனம். பெஷாருக்குப் பதக்கங்கள் கிடைத்தன. பார்க்கரைத் திருடர் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. கைக்காசும் பட்டறையும் போட்டு மரத்திலும் தோலிலும் செய்து காட்டியவர் அவர். ஆனால் யோசனை யாருடையது என்பது தனிக் கணக்கு. மாணவத் தம்பிகளே, உங்கள் நோட்டுப் புத்தகத்தில் தேதி போட்டு எழுதுங்கள். கூட வேலை செய்தவன் பெயரையும் எழுதுங்கள்.

பேட்டரிதான் காலை வாரியது. துத்தநாகம் கரையக் கரைய மின்னோட்டம் இறங்கும். நடைமுறைக்கு உதவும் டைனமோ 1870களில்தான் வந்தது. 1870ல் பிரஷ்யாவோடு போர் மூள, பார்க்கர் பாரிஸை விட்டு அயர்லாந்துக்குப் போனார். 1879ல் இங்கிலாந்தில் இறந்தார். செயின்ட்-அகஸ்டினின் மின்சார ஏற்பாட்டையும் சுமார் முப்பது ஆண்டுகளில் கழற்றிவிட்டார்கள்.

பிறகு வந்தவர் ராபர்ட் ஹோப்-ஜோன்ஸ், டெலிபோன் கம்பெனி எஞ்சினியர். 1880களின் கடைசியில் பர்கன்ஹெட் ஊர் தேவாலயத்தில், கட்டைப்பலகையை ஒரு கேபிளோடு வெளியே இழுத்துவந்து, முற்றத்தில் உட்கார்ந்து உள்ளே இருக்கும் குழாய்களை ஒலிக்க வைத்தார்! அமெரிக்கா போனார், கம்பெனி தொடங்கினார், தாக்குப்பிடிக்கவில்லை. 1910ல் உர்லிட்சர் வாங்கிக்கொண்டது. 1914ல் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். ஊமைப்படக் கொட்டகைகளுக்கெல்லாம் போன இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஆர்கன்களில் இருந்த பெயர் உர்லிட்சர்.

பெஷார் 1875 வரை வாசித்த கான் தேவாலயத்தில், 1885ல் புது ஆர்கன் வைத்தார்கள். கட்டியவர் கவாயே-கோல். பெஷார் அப்போது உயிரோடு இருந்தார். 1903ல் அதே ஊரில்தான் இறந்தார். அந்த ஆர்கனில் மின்சாரம் கிடையாது. உள்ளே இருப்பது பார்க்கர் நெம்புகோல்.